ஒரு ரேடியன்

ஊர் ஒருவழியாக விழாமல் நடக்கப் பழகிய பிறகுதான் ரெஜினாவின் திருத்தம் தயாரானது.

கைபேசியை யாரும் கையில் வைத்துக்கொள்ளாத காலம் அது. கண்ணுக்குள் பொருத்திய கண்திரையில்தான் செயலிகள் ஓடின. வெளியுலகமும் அதன் வழியாகவே தெரிந்தது. பொருத்தும்போது அது ஒரு பாகை, அதாவது ஒரு டிகிரி, சாய்ந்து உட்காரும். அந்த ஒரு பாகைக்குப் படத்தைத் திருப்பிச் சரிசெய்யும் நிரல் ரெஜினாவுடையது. போன புதுப்பிப்பில் அவள் ‘1’ என்று எழுதினாள். திருப்பும் கட்டளையோ அளவைப் பாகையில் அல்ல, ரேடியனில் எடுத்துக்கொள்ளும். ஒரு ரேடியன் ஐம்பத்தேழு பாகைக்கும் மேல்.

ஒரே நொடியில் ஊர் சரிந்தது. பேருந்துகள் கடைகளுக்குள் புகுந்தன. மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்கள் கீழே விழுந்து செத்தார்கள். ரெஜினாவின் மகள் ஷெரின் பள்ளிப் படிக்கட்டில் உருண்டு இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பழைய நிரலை ஏற்ற அனுமதி தரவேண்டிய கம்பெனி அதிகாரிகள் எல்லாரும் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதற்குள் ஊராரின் மூளை முந்திக்கொண்டது. அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. சாய்ந்த படத்தைத் தானே நிமிர்த்திக்கொண்டது.

மேலாளர் ஹரிஹரன் ஊன்றுகோலோடு வந்து திருத்தத்தைப் பார்த்தார்.

“இதை அனுப்பாதீங்க ரெஜினா. இப்போ நேரா காட்டினா மறுபடியும் அத்தனை பேரும் விழுவாங்க.”

“அப்போ தப்பு அப்படியே இருக்கட்டுமா சார்?”

“தப்புன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியுது?”

நிரலாளர்கள் கண்திரை பொருத்தக்கூடாது என்பது கம்பெனி விதி. வெறுங்கண்ணோடு வீட்டுக்குப் போனாள் ரெஜினா. மகளையாவது மீட்டுவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஷெரினை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கண்திரைக்கு மட்டும் திருத்தத்தை அனுப்பினாள்.

ஷெரின் அலறிக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தாள். ஆறிவந்த இடுப்பு தரையில் மோதியது.

“அம்மா, வீடு கவுருதும்மா! பழையபடி ஆக்கு!”

“கண்ணு, இதுதான்டி சரி. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

“எனக்குச் சரி வேணாம்! எல்லாருக்கும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்!”

ரெஜினா அவளை மடியில் தாங்கிக்கொண்டு, அந்த ‘1’ என்ற எண்ணையே மறுபடி எழுதினாள். முதல் தடவை கவனமில்லாமல் எழுதியது. இந்தத் தடவை தெரிந்தே எழுதினாள்.

ஷெரினின் அழுகை மெல்ல அடங்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

“இப்போ நேரா இருக்கு. இனிமே என் கண்ணைத் தொடாதம்மா.”