கழுத்தைத் தாங்கிய கைகள்

அன்று மத்தியானம் சாய்கலுக்கு வலி நின்றுபோனது. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

பிஷ்கெக் நகரத்துத் தையல் பட்டறையில் பதினான்கு வருடம் மிஷின்மேல் குனிந்தே கிடந்ததில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பிடரியில் தொடங்கும் வலி தோள்பட்டைக்குப் பின்னால் ஆணியாக இறங்கி, இடது கை விரல்களை மரத்துப்போகச் செய்யும். "கழுத்தைத் திருப்பிடாதீங்க. யாரையும் பிடிச்சுவிடவும் விடாதீங்க. அப்புறம் கையே வராமப் போயிடும்" என்று சொல்லி, கழுத்தில் கெட்டியான பட்டை ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். கை போனால் பிழைப்பு போயிற்று. அதனால் மூன்று வாரமாக அவள் நேராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் சமையலறை நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனியின் மங்கிய வெளிச்சம், ஊரெல்லாம் எரியும் நிலக்கரிப் புகையின் வாடை, சுவரோரச் சூட்டுக் குழாய்க்குள் தண்ணீர் முனகும் சத்தம்; இவற்றுக்கிடையே தலையின் பாரம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் இல்லவே இல்லாமல் போனது. யாரோ பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

வீட்டின் இன்னொரு சாவி நாத்தனார் பூருலிடம் இருந்தது.

"எப்போ வந்தே? கதவு சத்தமே கேக்கலையே. தொடாதேடி, டாக்டர் திட்டுவார்."

பட்டைக்குள் நுழைந்த கட்டைவிரல்கள் ஒவ்வொரு எலும்பாகத் தடவி இறங்கின. குளிர்ந்த விரல்கள். ஆனாலும் அந்தச் சுகத்தில் சாய்கலுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சரி, கொஞ்ச நேரம் பிடி," என்றாள்.

மேசைமேல் கைபேசி அடித்தது. எடுத்தாள்.

"அண்ணி, ஓஷ் பஜார்ல நிக்கிறேன்," என்றது பூருலின் குரல். "ஒரு வண்டியும் வரல. நீங்க மகாராணி மாதிரி நிமிந்தே உக்காந்திருப்பீங்க. ரொட்டி வாங்கிட்டு வரவா?"

விரல்கள் நின்றன.

"அண்ணி? கேக்குதா?"

"பூருல்... சாவிய வேற யார்கிட்டயாவது குடுத்தியா?"

"என் பையிலதானே இருக்கு. ஏன்?"

கைபேசி மடியில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. தாடைக்குக் கீழே பிடி இறுகியது. கழுத்துப் பட்டை பர்ரென்று பிரிந்து விழுந்தது. பிறகு அவள் தலை இடது பக்கம் திரும்பத் தொடங்கியது.

மெதுவாக.

ஜன்னல். சுவர். அடுப்பு. டாக்டர் கூடாதென்ற இடம் தாண்டியது. வலிக்கவில்லை. தோள் தாண்டியது. வலிக்கவில்லை. உள்ளே ஏதோ நெரிந்தது. அதுவும் வலிக்கவில்லை. எங்கோ பூருல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் யாருமே இல்லை. சாய்கல் பார்வையைத் தாழ்த்தியபோது, கண்ணுக்கு நேர் கீழே அவளுடைய முதுகே தெரிந்தது. கம்பளிச் சட்டைக்குள் அது ஏறி இறங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

கைகள் இன்னும் திருப்பிக்கொண்டே இருந்தன.