பின்னால் நடந்து வந்த சதை

மாடத்தியின் மாமா பரமசிவன் உட்கார்ந்தால், எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். எழுந்து நின்றால், மறுபடி எங்கே உட்காரலாம் என்று பார்ப்பார். அப்படிப்பட்ட மாமாவுக்குப் போலீசில் சேர ஆசை.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். போன வருடம் பாளையங்கோட்டையில் ஆள் எடுத்தபோது போனார். உயரம் சரி, மார்பளவு சரி. பிறகு ஓடச் சொன்னார்கள். பாதி மைதானம் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வருகிற ஆவணியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். அதையும் விட்டால் வயது தாண்டிவிடும்.

"உடம்பைக் கரைச்சிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டு, சிவகிரியிலிருந்து மேலகரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அக்கா வள்ளித்தாய்தான் மாடத்தியின் அம்மா. நயா பைசா புதிதாக வந்த வருடம் அது.

தினமும் விடியும் முன்னே குற்றாலத்துக்கு நடக்க வேண்டும், அருவியில் குளிக்க வேண்டும், நடந்தே திரும்ப வேண்டும். இதுதான் மாமாவின் திட்டம். துணைக்கு மாடத்தி போனாள். அவளுக்கு வயது பத்து. அருவி என்றால் உயிரை விடுவாள்.

ஆனி மாதம் பிறந்து சாரலும் தொடங்கியது. இருவரும் நடையாய் நடந்தார்கள். மாமா மட்டும் துளிகூட இளைக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாடத்திக்கு வெகுநாள் ஆகவில்லை. அருவியில் தலை நனைத்தவர்களுக்கு ஒரு பசி வரும். வயிற்றுக்குள் அடுப்பை மூட்டியது போல இருக்கும். குளித்துக் கரையேறியதும் மாமா தலையைக்கூடத் துவட்டாமல் ஓட்டலுக்குள் நுழைந்துவிடுவார். இட்டிலி வரும், வடை வரும், பூரி வரும், மறுபடியும் இட்டிலி வரும்.

"மாமா, நீங்க நடக்கதைவிடத் தின்னுதது கூட இருக்கு" என்றாள் மாடத்தி.

"அது அருவிப் பசிட்டி. நான் என்ன செய்ய?"

மாடத்தி அம்மாவிடம் போய்ச் சொன்னாள். மறுநாளிலிருந்து தூக்குவாளியில் கேப்பைக் கூழும், வாழையிலைத் துண்டில் பொதிந்த கொள்ளுச் சுண்டலும் கூடவே வந்தன. ஓட்டல் இருந்த திசையில் மாமா தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மாமா ஏக்கத்தோடு வடை வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு கூழைக் குடித்தார்.

உடம்பு குறையத் தொடங்கியது. இடுப்புச் சதைக்குள் புதைந்து கிடந்த வெள்ளி அரைஞாண் ஒருநாள் வெளியே தெரிந்தது. மாடத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாமா, குறைஞ்ச சதையெல்லாம் எங்கன போகும்?"

"வேர்வையா ரோட்டில விழுந்துரும்" என்றார் மாமா, பெருமையாக.

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். ரோட்டை மூடிக்கொண்டு பனிமூட்டம் நின்றது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஏன் அப்படிக் கேட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

தொப்... தொப்... தொப்.

குற்றாலம் போகிற வழியில் ஒரு பழைய கல் மண்டபம் உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால், புளிய மரங்கள் இருபுறமும் கூடி நின்று வானத்தை மறைக்கிற இடம் அது. மாடத்தி நின்றாள். மாமாவும் நின்றார். பின்னால் வந்த காலடி மட்டும் இன்னும் ஒரு முறை 'தொப்' என்று வைத்துவிட்டு நின்றது. பிறகு மூச்சு கேட்டது. பெரிய உடம்பு ஒன்று ஏறி இறங்குகிற மூச்சு.

"யாருலே அது?" என்று மாமா கேட்டார்.

அவர்கள் நடந்தார்கள். அதுவும் நடந்தது.

மறுநாளும் வந்தது. மாமா இளைக்க இளைக்க அவருடைய காலடி மெத்தென்று ஆனது. பின்னால் வந்த காலடியோ நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே போனது. ஒருநாள் மாமா துணிந்து திரும்பிப் பார்த்தார். பனிக்குள் வெளுப்பாக, அகலமாக ஒரு உருவம் நின்றது. அதற்கு முகம் இல்லை.

அன்றைக்குத்தான் மாமா வாழ்க்கையில் முதன்முறையாக நிற்காமல் ஓடினார். மாடத்தியால் பிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். "நான் வரலை. போலீசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். போர்வை அசையவில்லை. மாடத்திக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் நடந்ததும், வடையை வேண்டாம் என்றதும் வீணாகிவிடுமே என்று இருந்தது. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள்.

"மாமா, அது உங்க சதைதான்" என்றாள் கடைசியில்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"ரோட்டில விழுந்த சதையெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வருது. அதான் உங்களுக்குக் குறையக் குறைய அதுக்குக் கூடுது. பாவம், தினமும் இட்டிலியும் பூரியும் தின்னு பழகுனது. இப்போ பட்டினியா அலையுது. ஏதாவது தின்னக் கொடுத்தா சும்மா இருந்துரும்."

"திங்கக் கொடுத்தா இன்னும்லா பெருக்கும்?"

"கொள்ளுதானே கொடுக்கப் போறோம்."

மாமா போர்வையை விலக்கினார். எழுந்து கிளம்பினார். வழி முழுக்க மாடத்தியின் கையை விடவில்லை. புளிய மரத்தடியில் காலடி கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மாடத்திக்கும் பயம்தான். ஆனாலும் மண்டபத்துப் படியில் இலைத்துண்டை விரித்து, தன் பங்குச் சுண்டலை வைத்தாள்.

"பசிச்சா சாப்பிடுங்க" என்று பனியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாமாவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

குளித்துத் திரும்பும்போதும் மூட்டம் விலகவில்லை. சாரல் ஊசி ஊசியாக விழுந்தது. மண்டபத்துப் படியில் இலை கிடந்தது. சுண்டல் இல்லை.

"குரங்கு தின்னுருக்கும். வா, போவோம்" என்றார் மாமா அவசரமாக.

மாடத்தி நகரவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாக மூடியிருந்தது. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் தம் பக்கமாக மடித்து மூடுவார்களே, அதே மாதிரி.

"குரங்கு இலையை மூடுமா மாமா?"

மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார். தூணுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரிய மூச்சு கேட்டது. ஏறியது, இறங்கியது. மாடத்திக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் சாப்பிட்டுவிட்டு இலையை மூடத் தெரிந்தவர் கெட்டவராக இருக்க முடியாது என்றும் தோன்றியது. வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா கேட்கிறபடியே கேட்டாள்.

"சுண்டல்ல உப்பு சரியா இருந்துதா?"

"ஒரு கல்லு கூடிப்போச்சு" என்றது தூண்.

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூணுக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்திய ஒரு உருவம் மெதுவாக வெளியே வந்தது. போர்வை விலகியதும் முகம் தெரிந்தது. மேலகரத்துப் பெரிய வீட்டுப் பார்வதியம்மாள். கோயில் திருவிழாவுக்குக்கூட வில்வண்டியில் வந்து வில்வண்டியில் போகிற அம்மாள்.

"யாருகிட்டயும் சொல்லிராத தாயி" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். நடக்கலேன்னா நெஞ்சுக்கு ஆகாதாம். எங்க வீட்டுப் பொம்பளைங்க தெருவுல நடந்தா ஊரே சிரிக்கும். விடியுமுன்னே நடக்கலாம்னா தனியா வரப் பயம். உங்க பின்னாலேயே வந்தா ஒரு துணையா இருக்குமேன்னு வந்தேன். நீங்க திரும்புத வரைக்கும் இங்கன ஒளிஞ்சு உட்கார்ந்திருப்பேன்."

"மொத நாள்லேருந்தா?" என்று கேட்டாள் மாடத்தி. "எங்களுக்கு ஏன் கேக்கலை?"

பார்வதியம்மாள் மாமாவைத் தயக்கத்தோடு பார்த்தாள். "அப்போ இவரு காலடிதான் ஊரைக் கூட்டுச்சே. இவரு இளைச்சாரு, என் சத்தம் கேட்டுருச்சு."

மாமா சிரித்துவிட்டார். பயம் போன பிறகு வருகிற சிரிப்பு லேசில் நிற்காது. பார்வதியம்மாளும் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் ஏற்பாடு மாறியது. மாடத்தியும் பார்வதியம்மாளும் சேர்ந்து மெதுவாக நடந்தார்கள். மாடத்தியின் நடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததால் மாமா முன்னால் ஓடினார். முதலில் புளிய மரம் வரை, பிறகு மண்டபம் வரை, அப்புறம் அருவிச் சத்தம் கேட்கிற வரை. பார்வதியம்மாள் தினமும் சுண்டலில் பங்கு வாங்கிக்கொண்டாள். வீட்டில் பசி என்று சொன்னால் நெய்த் தோசை வந்துவிடுமாம்.

ஆவணியில் மாமா பாளையங்கோட்டைக்குப் போனார். மைதானத்தை முழுக்கச் சுற்றி ஓடினார். வேப்பமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை மேலகரம் வந்தபோது காக்கி உடுப்போடு வந்து மாடத்திக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாடத்தி வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மாமா போன பிறகும் நடை நிற்கவில்லை. மறு வருடச் சாரலில் ஒரு விடிகாலை. மாடத்தியும், இப்போது மூச்சு வாங்காத பார்வதியம்மாளும் புளிய மரத்தடிக்கு வந்தார்கள்.

தொப்... தொப்.

இருவரும் நின்றார்கள். பின்னால் இன்னும் ஒரு முறை 'தொப்' என்று கேட்டு நின்றது.

பார்வதியம்மாள் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நான் இங்கன இருக்கேன். உங்க மாமா பாளையங்கோட்டையில இருக்காரு. அப்போ அது யாரு?"

மாடத்தி பனியைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்துப் படியில் இலையை விரித்துச் சுண்டலை வைத்துவிட்டு நடந்தாள்.

திரும்பி வந்தபோது இலை காலியாக இருந்தது. குரங்கு தொட்டிருந்தால் கிழிந்திருக்கும், கிழியவில்லை. ஆனால் மூடவும் இல்லை. விரித்தது விரித்தபடியே கிடந்தது.

"மூடலையே தாயி" என்றாள் பார்வதியம்மாள்.

மாடத்தி குனிந்து இலையைத் தன் பக்கமாக மடித்து மூடினாள்.

"பழக்கம் இல்லாம இருக்கும். நாளைக்கு நம்மகூட நடக்கச் சொல்லி, நாம சொல்லிக் கொடுத்துருவோம்."