விலை அனுப்பிய பிறகு வந்த போன்

புதன், காலை 9.40. ஏழாவது ஆர்டரும் கைவிட்டுப் போனது.

சிவகாசியில், ஆனைக்குட்டம் போகிற சாலையில் இருந்தது தனுஷ்கோடியின் காலண்டர் அச்சகம். ஆடிப்பெருக்கன்று புது வருஷ காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதும் வெளியூர்க் கடைகளுக்கு விலை அனுப்பி, மூன்றாம் நாள் போன் போட்டுப் பணிவாக விசாரிப்பது அழகுமீனாவின் வேலை. எட்டு வருஷத்தில் அவள் பேச்சைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. இந்த சீசனில் ஏழு புதுக் கடைகள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டன.

"நச்சரிச்சிருப்ப தாயி. சாயங்காலம் போனை ஒப்படைச்சிட்டுக் கிளம்பு" என்றார் முதலாளி.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. வேலை போனால் போகட்டும். வாடிக்கையை விரட்டினவள் என்று பேர் வந்தால் இந்த ஊரில் எந்த அச்சகம் படியேற்றும்?

காலை 10.15. தென்காசி நகைக்கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஆர்டருக்காகக் கேக்கல. நான் பேசுனதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க."

"உங்கிட்ட தப்பில்லையேம்மா. உங்க ஆபீஸ் நம்பர்லருந்து ஒரு ஆளு பேசுனாரு. தாள் வெலை ஏறிட்டு, இந்த ரேட்டுக்கு முடியாது, வேற எடம் பாத்துக்கிடுங்கன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை, பதினோரு மணி."

மற்ற ஆறு கடைகளுக்கும் போட்டுக் கேட்டாள். அங்கேயும் அதே பேச்சு, ஓர் ஆண் குரல். செவ்வாய் மூன்றே முக்கால். வியாழன் இரண்டு. திங்கள் காலை எட்டு. எல்லாவற்றையும் சீட்டில் எழுதினாள்.

ஆபீஸ் போனைத் தொடுகிற ஆண்கள் இரண்டே பேர்: முதலாளி, டிசைனர் மகேஷ்குமார். மிஷின் ஓட்டும் சிவபாண்டி விஷயத்தைக் கேட்டுச் சீட்டை எட்டிப் பார்த்தான்.

"ஏழும் ராகு காலம்ல! அப்ப மகேஷ்தான். அவன்தான் நேரங்காலம் பாக்காதவன். மொதலாளி ராகு காலத்துல கூரியர்கூட வாங்க மாட்டாரு."

ஊருக்கெல்லாம் ராகு காலம் அச்சடித்துக் கொடுக்கிற கம்பெனியில் இது நியாயமான பேச்சுதான். அழகுமீனா மட்டும் தலையாட்டவில்லை.

பிற்பகல் 1.40. முதலாளி அறை.

"பேசுனது நீங்கதான் மொதலாளி."

அவர் நிமிர்ந்தார். அவள் சீட்டை மேசையில் வைத்தாள்.

"நேரம் பாக்காத ஆளு பேசியிருந்தா, ஒண்ணு ரெண்டாவது நல்ல நேரத்துல விழுந்திருக்கும். ஏழும் ராகு காலம். நல்லது நடக்கணும்னா நல்ல நேரம் பாப்போம். இது வெளங்கவே கூடாதுன்னு நெனைச்சவுகதான் கடிகாரத்தைப் பாத்துப் பேசியிருக்காக."

அவர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க அய்யா ஆரம்பிச்ச பிரஸ்ஸு. மூடிராதேன்னு சாகும்போது கையப் புடிச்சுக் கேட்டாரு. மகன் வர மாட்டேங்கான். எனக்கும் முடியல. ஆர்டர் இல்லாம தானா நின்னுட்டா எம்மேல பழியில்லன்னு பாத்தேன்."

"அந்தப் பழி எம்மேல விழுந்துச்சே. எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும்."

பிற்பகல் 2.30. மிஷின்களை நிறுத்திவிட்டுப் பதினொரு பேர் முன்னால் சொன்னார். தப்பு அழகுமீனா மேல் இல்லை என்றார். இந்த சீசனோடு அச்சகத்தை மூடுவதாகவும் சொன்னார்.

யாரும் முதலாளியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நீ மட்டும் பேசாமப் போயிருக்கலாம்ல தாயி?" என்றான் சிவபாண்டி.