ஊழியர் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

மூன்றாவது தடவையும் வீடியோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டு தடவை காரணமே சொல்லவில்லை, இந்தத் தடவை சொல்லியிருந்தார்கள். "காணொளியில், படம் பிடிப்பவரைத் தவிர ஒரு ஊழியர் காணப்படுகிறார். நீங்கள் தெரிவித்த எண்ணிக்கை: பூஜ்ஜியம். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை."

சித்ரகலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோ. முதலிபாளையத்தில் அவள் வாடகைக்குப் பிடித்திருந்த தகரக் கொட்டகையில் அன்றைக்கு ஈ காக்கா கிடையாது. ஷட்டரைத் தூக்கியவளும் அவள்தான், இறக்கியவளும் அவள்தான். சாவி அவளுடைய இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. இருந்தாலும் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். தெருப் பலகை, 'மயில் கிட்ஸ்வேர்' என்று புதிதாக எழுதிய போர்டு, பூட்டு, ஷட்டர், வரிசையாக ஏழு தையல் மெஷின், கட்டிங் டேபிள், அட்டைப்பெட்டிகள். ஆள் என்று சொல்ல ஒரு நிழல்கூட இல்லை.

"கண்ணு தெரியாத கம்பெனி," என்று சொல்லிப் போனைக் கட்டிலில் விசிறினாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பதினோரு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை பார்த்து, பிறகு ஆறு பெண்களை வைத்து அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இந்த வருஷம் ஓர் ஏற்றுமதி ஆர்டர் தைத்து முடித்த பிறகு ரத்தாகி, நாலாயிரம் குழந்தை ஃப்ராக் அவள் தலையில் விழுந்தது. வேஸ்ட் வியாபாரி கிலோ கணக்கில் கேட்டான். கொடுத்துத் தலைமுழுகு என்றார் புருஷன் சிவராஜ். முடியாது என்றாள் சித்ரகலா. ஒவ்வொன்றிலும் 'மயில்' என்று சொந்த லேபிளை வைத்துத் தைத்தாள். தீபாவளிக்குள் போனிலேயே அத்தனையையும் விற்றுக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடியும் செக்கிங்குக்கே போகிறேன் என்று சபதம் போட்டாள். தீபாவளிக்குப் பதினாறு நாள் இருந்தது.

விற்பதற்கு விளம்பரம் போட வேண்டும். விளம்பரம் ஓட வேண்டுமென்றால் போனில் எல்லோரும் வழி பார்க்கிற அந்தப் பெரிய கம்பெனியின் மேப்பில் கடை உண்மைதான் என்று பச்சை டிக் விழ வேண்டும். அதற்குக் கடையை வீடியோ எடுத்து, அதில் எத்தனை ஊழியர் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். கரண்ட் பில் சொன்னால் போதாதாம், ஜிஎஸ்டி சர்டிபிகேட் சொன்னால் போதாதாம், கல்லும் மண்ணுமாக நிற்கிற கொட்டகையே சொன்னாலும் போதாதாம். வாங்குகிறவர்களும் அதே கதைதான். ஒரு ஃப்ராக்கை ஆசையாக விசாரிப்பார்கள், மேப்பில் தேடிப் பார்ப்பார்கள், டிக் இல்லையென்றதும் 'ஃபேக்குங்களா?' என்று ஒரு வரி போட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இந்தப் பூசாரிக்கு முகமும் கிடையாது, போன் நம்பரும் கிடையாது. உதவிக்கு என்று இருந்த இடத்தில் எதைத் தட்டினாலும் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்தது. எவளுக்கு இருக்கிறது பொறுமை என்று அவள் தட்டினாள். அதற்கும் நன்றி சொன்னது.

ஆள் இருக்கும்போதே எடுத்துவிடுவோம் என்று புதன்கிழமை ஆறு பெண்களும் தைத்துக்கொண்டிருக்கையில் வீடியோ எடுத்து, எண்ணிக்கை ஆறு என்று போட்டு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. ஏழு ஊழியர்கள் காணப்படுகிறார்களாம், எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையாம்.

அவள் திட்டிய திட்டு வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது. டெய்லர் சின்னத்தாய் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாலு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தவள், அதிகம் பேசாத பெண். சித்ரகலா வீடியோவைக் காட்டி, விரல் வைத்து ஆறு பேரை எண்ணி, மெஷின் ஏழு இருப்பதால் ஆளும் ஏழு என்று அந்த முட்டாள் கம்பியூட்டர் கணக்குப் போடுகிறதோ என்னவோ என்று சொன்னாள். சின்னத்தாய் சிரிக்கவில்லை. மூணாவது மெஷினையா சொல்லுது என்று கேட்டாள்.

வரிசையில் மூன்றாவதாக இருந்தது, துணி ஓரம் அடிக்கிற ஒரு பழைய ஓவர்லாக் மெஷின். முன்னே கொட்டகையை வைத்திருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. அதில் யாரும் தைப்பதில்லை.

"அக்கா, ராத்திரியில பஞ்சுத்தூசி எல்லா மெஷின் மேலயும் வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும்லா. காலையில வந்தா அத நாங்கதான் தொடைக்கோம். மூணாவது மெஷின ஒருநாளும் தொடச்சதில்ல. அதுல தூசியே இருக்காதுக்கா."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு கண்ணு. மத்தவங்க காதுல உழுந்துச்சுன்னா நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டா."

சொன்னாளே ஒழிய அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சித்ரகலா அந்த மெஷின் முன்னால் போய் நின்றாள். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். ஸ்டூலை டேபிளுக்கு அடியில் தள்ளினாள். மூலையில் கூட்டி வைத்திருந்த பஞ்சுத்தூசியை ஒரு கை அள்ளி மெஷின் மேல் தூவிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போனதும் எரிச்சலில் அதே வீடியோவை, ஏழு என்று எண்ணிக்கையை மாற்றி மறுபடியும் அனுப்பினாள். உன் கணக்கே சரி, டிக்கைக் கொடு, எனக்கு ஃப்ராக் விற்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்கினாள். ஆறு மெஷின்கள் மேலும் மெல்லிய வெள்ளைப் படலம். மூன்றாவது மெஷின் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஸ்டூல் வெளியே இழுபட்டுக் கிடந்தது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் விட்டுவிட்டுப் போவாளே அப்படி. பிளக் தரையில் போட்ட இடத்திலேயே இருந்தது. தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மோட்டாரைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் தகரத்தில் அடிக்கிறது, இரும்பு சூடாகத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டாள். மணி ஏழரைதான் ஆகியிருந்தது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. அன்றைக்கு முழுவதும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்தாள்.

சாயங்காலம் செய்தி வந்தது. "இறுதி வாய்ப்பு. ஒரு ஊழியரின் முகம் தெளிவாக இல்லை. அவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லவும். இருபத்து நான்கு மணி நேரத்தில் புதிய காணொளி வராவிட்டால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்."

அவள் அதைப் பல தடவை படித்தாள். பயத்தைவிட ஆற்றாமைதான் அதிகமாக இருந்தது. இல்லாத ஒருத்தியின் முகத்துக்காக, இருக்கிற தன்னுடைய கடையை மூடப் பார்க்கிறார்களே! ஆறு பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு, கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். நாலாயிரம் ஃப்ராக் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஸ்கூட்டியைக் கொட்டகை முன்னால் நிறுத்தியபோது, வாரம் முழுவதும் மெஷின் இரைச்சலிலும் டெம்போ ஹாரனிலும் அதிர்ந்துகொண்டிருக்கும் அந்தச் சந்து, யாரோ ஒரே சுவிட்சில் ஊரையே அணைத்துவிட்ட மாதிரி அடங்கிக் கிடந்தது. ஷட்டரைத் தூக்கியதும் அடைபட்டிருந்த சூடு முகத்தில் அறைந்தது. மெஷின் எண்ணெய், புதுத்துணிக் கஞ்சி, பஞ்சு, அதற்கு அடியில் இன்னொன்று. தலையில் வைத்து வாடிப்போன கனகாம்பரமும் வேர்வையும் சேர்ந்த வாடை, நாள் முழுக்கத் தைத்துவிட்டு எழுந்த பெண்ணிடம் வருகிற வாடை.

வீடியோவை அனுப்பும் பக்கத்தில் முதலில் எண்ணிக்கையைக் கேட்டது. பூஜ்ஜியம் என்று போட விரல் போனது. அதைப் போட்டால் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று என்று போட்டாள்.

பிறகு போனை உயர்த்திப் பிடித்து எடுக்க ஆரம்பித்தாள். போர்டு, பூட்டு, ஷட்டர். தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக், டிக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. முதல் மெஷின். இரண்டாவது மெஷின். அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் சிமெண்ட்டில் கேட்டது, நின்றால் அதுவும் நின்றது, ஆனால் ஒரு தடவை கொஞ்சம் தாமதமாக நின்றது.

மூன்றாவது மெஷின்.

ஸ்டூல் காலியாக இருந்தது. திரையிலும் காலி. நேரிலும் காலி. சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. பதினோரு வருஷம். நாலாயிரம் பீஸ். ஒரு டிக்.

"ஏனுங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

ஒன்றுமில்லை.

"பாத்துத் தொலைங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஸ்டூலின் கால் சிமெண்ட்டில் கிறீச்சென்று உரசியது. ஒரு விரற்கடை நகர்ந்து, அவள் பக்கம் திரும்பி நின்றது.

வீடியோவை நிறுத்தினாள். அனுப்பினாள். ஓடக்கூடாது. ஓடினால் அவ்வளவுதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் பெண்களிடம் சொல்கிற அதே பழக்கத்தில், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னாள்.

"சரி, வாங்க போலாம்."

ஷட்டர் பாதி இறங்கும்போதுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பூட்டினாள். ஸ்கூட்டியில் உட்கார்ந்தாள். வண்டி பின்பக்கம் மெல்ல அமுங்கியது. பின்னால் யாராவது ஏறும்போது அவள் எப்போதும் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வாள். கால்கள் தாமாகவே ஊன்றின. கண்ணாடியில் பார்த்தாள். வெறும் சாலை. நிழலைப் பார்த்தாள். ஒரு வண்டி, ஒருத்தி. ஆக்சிலேட்டரை முறுக்கினாள், வண்டி இரண்டு ஆள் பாரத்தில் முனகிக்கொண்டு நகர்ந்தது.

தொழிற்பேட்டைச் சாலை பாதி தாண்டுவதற்குள் போன் அதிர்ந்தது. மறுபடியும். மறுபடியும். நிற்காமல். ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள்.

பச்சை டிக்.

"வாழ்த்துகள்! மயில் கிட்ஸ்வேர் உறுதிசெய்யப்பட்டது. உங்கள் காணொளியிலிருந்து விளம்பரம் தானாகவே உருவாக்கப்பட்டு, இப்போது ஒளிபரப்பாகிறது."

அதற்குக் கீழே மெசேஜ்கள் மழையாகக் கொட்டின. ஈரோடு, சேலம், மதுரை. ஸ்டாக் இருக்குங்களா? எங்க ஊருக்கு அனுப்புவீங்களா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. சிவராஜிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

விளம்பரத்தைத் திறந்தாள்.

போர்டு. பூட்டு. ஷட்டர். முதல் மெஷின், இரண்டாவது மெஷின். மூன்றாவது மெஷின், காலி ஸ்டூல். அவள் நிறுத்திய இடம் வந்தது. விளம்பரம் நிற்கவில்லை.

படம் உயர்ந்தது, உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்திருப்பது போல. நடந்தது. வெளிச்சத்தை நோக்கி. அங்கே ஊதா சுடிதாரில் ஒரு பெண் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கம்தான் தெரிந்தது. அவள் ஸ்கூட்டியில் உட்கார்ந்தாள். படமும் உட்கார்ந்தது. சாலை ஓடியது. முதுகு. வேப்பமரம். வண்டி நின்றது.

அந்தப் பெண் போனை எடுத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்ரகலா இடது கையைத் தூக்கினாள். படத்தில் இருந்தவளும் தூக்கினாள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பதினெட்டாயிரம் என்று ஓரத்தில் காட்டியது. பத்தொன்பதாயிரம்.

திரும்பக்கூடாது. திரும்பவே கூடாது.

படம் நெருங்கியது. கழுத்து. கொண்டைக்குக் கீழே, தோலில் இருந்து, ஓர் அங்குலம் வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. துணியிலிருந்து அல்ல. அதன் பக்கத்தில், விற்பனைக்கு உள்ள பொருள் இன்னது என்று காட்ட அந்தக் கம்பெனி தானே வைக்கிற சின்ன வெள்ளைப் புள்ளி மினுங்கியது. புள்ளிக்குக் கீழே எழுத்து.

ஒன்று மட்டுமே மீதம்.

மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்தன. இது என்ன சைஸுங்க? எனக்கு எடுத்து வைங்க. எனக்கு. எனக்கு.

எழுத்து மாறியது.

விற்பனையாகிவிட்டது.

படத்தின் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. புறங்கை முழுவதும் பஞ்சுத்தூசி. பார்சல் போவதற்கு முன்னால் பீஸில் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி இன்னொரு கையில் இருந்தது. இரண்டு விரல்கள் அந்த நூலின் நுனியைத் தேடி, பிடித்து, நிதானமாக இழுத்தன.

திரையில் அவளுடைய தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. வேப்பமரத்தடியிலும் சாய்ந்தது.