குடையின் மறுபாதி

அவன் நனைந்து வந்திருந்தான், ஆனால் பாதிதான். வலது தோளும் வலது சட்டைக்கையும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, இடது பக்கம் தேய்த்த மடிப்புகூடக் கலையாமல் காய்ந்து கிடந்தது. எந்த மழையும் ஒரு மனிதனை இப்படிப் பங்கு போட்டு நனைக்காது. இடப்பக்கம் இன்னொருவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறவன்தான் அப்படி நனைவான். கல்யாணமான புதிதில் அவளுக்கே அப்படிப் பிடித்தவன் என்பதால், யாரும் சொல்லாமலேயே அவளுக்கு அது புரிந்தது.

யாருக்குக் குடை பிடித்தீர்கள் என்று கேட்டே விட்டாள். அவன் ஈரத் தலையைத் துவட்டியபடி, ஏதோ இருவருக்கும் பொதுவான ரகசியம் போலச் சிரித்தான்.

"உனக்குத் தெரியாததா?"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அவன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். நகரத்தின் நடுவில் இருக்கிற பழைய பேட்டையில், மதுக்கூடங்களும் பாட்டுக்கூடங்களும் கதவு திறக்கும் முன் போய் வேலையை முடித்துவிட்டு வருவான். வெளியூரில் நல்ல வேலை வந்தபோது அவள் போகவேண்டாம் என்று தடுத்ததிலிருந்து, வீட்டில் சாப்பாடு, கரண்ட் பில், மகள் குட்டியின் பள்ளிக்கூடம் தவிர வேறு பேச்சு இல்லை. அப்படிப்பட்டவன் இப்போதெல்லாம் தாமதமாக, வாயில் ஒரு பாட்டை முனகிக்கொண்டு வருகிறான். சந்தோஷமாக இருக்கிறான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் குட்டியைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டாள். குட்டிக்குப் புது முகம் என்றாலே ஆகாது. யாராவது பார்த்துச் சிரித்தால் போதும், அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அக்காவிடம் மட்டும் ஒட்டிக்கொள்வாள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பாலத்தைத் தாண்டி நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அந்தப் பேட்டைக்குள் அவள் அதுவரை கால் வைத்ததே இல்லை. இருநூறு வருடத்துக் கட்டடங்கள் சந்தின் இருபுறமும் நெற்றியோடு நெற்றி முட்டுவது போலச் சாய்ந்து நின்றன. மரப் பால்கனிகளின் கீழே சிவப்பும் நீலமுமாக விளக்குப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. நிலவறைப் படிகளிலிருந்து பினாயில் வாடையும் நேற்றைய பீரின் புளித்த நெடியும் ஏறி வந்தன. எங்கோ ஒருவன் மேளத்தை ஒரே தாளத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை தூறத் தொடங்கியது.

முதல் மதுக்கூடத்தின் வாசல்காவலன் அவளைக் கண்டதும் கதவைத் தாராளமாகத் திறந்துவிட்டான்.

"என்ன மேடம், எதையாவது மறந்துட்டீங்களா? இப்பத்தானே சாரோட கிளம்பினீங்க?"

தன்னை யாரென்று நினைத்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தினமும் சாயங்காலம் வந்து ஓரமாக உட்கார்ந்து சார் வேலை முடிக்கும்வரை காத்திருக்கும் மேடம்தானே என்றான். அவள் விருட்டென்று திரும்பிச் சந்தில் இறங்கினாள். ஓஹோ, எவளோ ஒருத்தி பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு உலவுகிறாள். இவளைப் போலவே தலை வாரி, இவளைப் போலவே உடுத்தி. ஆளை மாற்றினாலும் ரசனையை மாற்றவில்லை என்று கசப்பாகச் சிரித்துக்கொண்டாள்.

முனையில் ஜோடிகளுக்கு ரோஜா விற்கும் கிழவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் கம்மல்தானேம்மா இது? நேத்து இங்க நின்னு அப்படிச் சிரிச்சியே, அப்ப விழுந்துடுச்சு. எடுத்து வச்சிருந்தேன்."

விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பச்சை மணி. உடைந்த கொக்கிக்குப் பதிலாக, பியானோக் கம்பித் துண்டை வளைத்து மாட்டியிருந்தது. தன்னுடைய கம்மலுக்கு அவன் செய்து கொடுத்தது போலவே. அந்த ஒருத்திக்கும் இதே கம்மலா? துரோகி. பிறகு மணியைத் திருப்பினாள். அதில் இரண்டு சிறு பள்ளங்கள். பல் முளைக்கும் வயதில் குட்டி கடித்த தடம்.

கை தானாகக் காதுக்குப் போனது. வலது காதில் கம்மல் இருந்தது. இடது காதிலும் இருந்தது. இடது கம்மலின் மணியை விரலால் தடவினாள்.

இரண்டு பள்ளங்கள்.

அவள் ஓடினாள். சந்துக்குள் சந்து. மேளம் நின்றுவிட்டிருந்தது. கடைசித் திருப்பத்தில், தேவாலயம் போல உயர்ந்த ஒரு பழைய நாடகக் கொட்டகையின் வாசலில், அந்தக் குடை தெரிந்தது. அதன் கீழே அவன். தனியாக. குடை மட்டும் இன்னும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அவ எங்க?" என்றாள்.

அவன் திகைத்துப் பார்த்தான். அதற்குள் திரும்பி வந்துவிட்டாயா என்று கேட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் தாழ்ந்தது.

"நீதானே தினமும் வந்தே? வீட்டுல நமக்குள்ள எதுவும் சரியில்ல, இங்கயாவது புதுசா ஆரம்பிப்போம்னு நீதானே சொன்னே? வீட்டுல இதப் பத்திப் பேசவே கூடாதுன்னும்..."

"நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

அவன் பாலம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"குட்டியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு இப்பத்தான் கிளம்பினா."

அவள் கைப்பேசியை எடுத்தாள். விரல் வழுக்கியது. கீழ்வீட்டு அக்கா தூக்கக் கலக்கம் போன்ற நிதானமான குரலில் பேசினாள்.

"இப்பத்தானே வந்து குட்டியத் தூக்கிட்டுப் போனே? ஒரு கம்மலக் காணோம்னு வேற சொன்னியே. கெடச்சுதா?"

பாலம். படிக்கட்டு விளக்குகள். மூச்சு. பின்னால் அவன் காலடி. கைக்குள் மூன்றாவது கம்மல் குத்திக்கொண்டே இருந்தது.

மாடியில் அவர்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவள் தெருவில் நின்று குட்டியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். திரை விலகியது. குட்டியை இடுப்பில் வைத்தபடி அந்த இன்னொருத்தி நின்றாள். அதே முகம். அதே வகிடு. ஒரு காது மூளி.

குட்டி கீழே பார்த்தாள். மழையில் நனைந்து நின்று கத்தும் பெண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, புது முகத்தைக் கண்டால் செய்வது போல, பக்கத்திலிருந்தவளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.