வசவில்லாத சூரசம்ஹாரம்

நிலவில் விடிவது மாதம் ஒருமுறைதான். ஆகவே எங்கள் குடியிருப்பில் காலை என்பது பொருள்காணி வாயைத் திறக்கும் நேரம். உலகத்துப் புராணங்களை எல்லாம் மென்று, அவற்றில் எதிரும் புதிருமாக நிற்பவர்களை ஒப்பிட்டு அர்த்தம் சொல்லும் இயந்திரம் அது. நாங்கள் பல் துலக்கியபடியே கேட்போம். சட்டமும் எளிது: பொருள் தெரிந்துவிட்ட சண்டையை அதற்குமேல் யாரும் போடக்கூடாது.

அன்று எங்கள் சூரசம்ஹாரத்தின் முறை வந்தது. "தேவரும் சூரனும், கருடனும் நாகமும் காசிபரின் பிள்ளைகளே. தாய்மார் மட்டுமே வேறு. பகை என்பது உறவின் மறதி."

வருஷாவருஷம் விழாவில் சூரனுக்குத் தலை மாற்றிவிடும் வேலை என்னுடையது. யானைத்தலை, சிங்கத்தலை, அப்புறம் சொந்தத்தலை. இங்கே ஈர்ப்பு குறைவு. ஒரு வருஷம் முருகன் விட்ட வேல் நிலவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அர்ச்சகரின் பின்பக்கத்தில் குத்தியது. நம்பாதவர்கள் அவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் சூரன் கொம்பையா. தூது வரும் வீரவாகு அவருடைய தம்பி ஆவுடையப்பன். தகப்பனாரின் சாம்பலைப் பூமிக்கு அனுப்புவதா, இங்கேயே தூவுவதா என்ற தகராறிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. வருஷத்துக்கு ஒருநாள், தூதுக் காட்சியில் மட்டும் வாய் திறப்பார்கள்.

"அடே சூரா, தேவர்களைச் சிறையிலிருந்து விடுடா! மதினிக்கு மூட்டுவலி மருந்துக்குக் கேட்டுச்சாடா?"

"கேக்கலடா, தூதுப்பயலே! உன் மவளுக்குப் பிரசவம் என்னாச்சு? சொல்லிட்டுச் சாவுடா!"

"பேரன்டா! உன் மூக்கை வச்சுப் பொறந்திருக்கான், பாவம்!"

சனம் சிரிக்கும். இருவரும் சிரிக்கமாட்டார்கள்.

பண்பாட்டு அலுவலர் பூரணி புதிய காட்சியை எடுத்துவந்தார். வசவு கிடையாது. சூரனும் வீரவாகுவும் கட்டித்தழுவ வேண்டும். பின்னால் குழலிசை.

"எதிரிங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு ஆயிருச்சே, பாட்டையா. இன்னும் எதுக்குத் திட்டு?"

"குடும்பம்னு தெரிஞ்சுதானம்மா திட்டிக்கிடுதாங்க."

"அப்போ கட்டிப்பிடிச்சா இன்னும் நல்லதுதானே?" என்றார். நல்ல பெண். நான் யானைத்தலையின் தூசியைத் தட்டப் போனேன்.

விழாவில் இருவரும் தழுவினார்கள். இரண்டு அலமாரிகளை ஒன்றோடொன்று சாய்த்து வைத்ததுபோல இருந்தது. ஆவுடையப்பன் என்னவோ சொல்ல வாய் திறந்தார். குழலிசை கூடியது. வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

சிங்கத்தலையைக் கழற்றும்போது கொம்பையா கேட்டார்: "அவன் எதையோ சொல்ல வந்தான் பாத்தீரா? என்னவே அது?"

"தெரியலையே. போய்க் கேளுமே."

"நானா? அவன்கிட்டயா?"

விவரம் தெரிந்தபோது ஆவுடையப்பனை ஏற்றிக்கொண்டு வியாழன் கிரகத்துக்குப் போகும் கப்பல் கிளம்பியிருந்தது. போனால் திரும்பிவர ஆயுசு போதாத தூரம். ஆவுடையப்பனின் மகள்தான் பெரியப்பாவிடம் வந்து சொன்னாள்: "அப்பா யாருகிட்டயும் சொல்லல, பெரியப்பா. உங்களைத் திட்டும்போது சொல்லிக்கிடலாம்னு வச்சிருந்தாரு."

கொம்பையா விண்ணுடையை மாட்டிக்கொண்டு காற்றுப்பூட்டு வழியாக வெளியே போனார். வயசாளியைத் தனியே விடக்கூடாதென்று நானும் பின்னால் போனேன். அவரைவிட நான் மூத்தவன் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஏறி, அண்ணாந்து, கையை ஓங்கி ஓங்கி அவர் திட்டத் தொடங்கினார். வானொலியை அணைத்திருந்தார். நிலவில் காற்று இல்லை. எவ்வளவு நல்ல வசவும் தலைக்கவசத்தைத் தாண்டாது.

அசையும் உதடுகளைப் பார்த்து, வசவுக்கு நடுவே தம்பியிடம் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்க முயன்றேன். சற்று நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, உதடுகளும் மறைந்துவிட்டன.