பிடி விடாத படகு

காற்று மேற்கிலிருந்து அடித்தது. அப்படியானால் படகின் மோட்டார்கள் மேற்கைப் பார்த்துத்தான் முக்கவேண்டும். ஆனால் மடிக்கணினித் திரையில் அம்புக்குறி கரைப்பக்கம் திரும்பிச் சிவந்திருந்தது. நீர்த்தேக்கத்தின் நடு ஆழத்திலிருந்து ஏதோ இழுக்க, படகு அதை எதிர்த்துத் திணறிக்கொண்டிருந்தது.

"சேத்துல சிக்கியிருக்கும்" என்று யூஜினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அது பொய் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. சேறு பிடித்தால் பிடித்தபடி கிடக்கும். இது விட்டு விட்டு இழுத்தது, கன்றுக்குட்டி மடியை முட்டுவதுபோல.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்து மழைக்குச் சாயங்காலம் என்றும் பகல் என்றும் பேதம் கிடையாது. அவள் உட்கார்ந்திருந்த கரையோரத் தகரக் கொட்டகைமேல் அது ஓயாமல் கொட்ட, தேயிலைச் சரிவுகளிலிருந்து மூடுபனி வழிந்து வந்து தண்ணீரை மூட, அந்தப் பனிக்குள்ளிருந்து செத்த விலாங்கும் மக்கிய சாக்கும் புளித்த கஞ்சியும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாடை மெல்ல மெல்லக் கரையேறி, அவள் தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அம்மா சிசிலி பாலில்லாமல் ஊற்றித் தந்த பிளேன்டீயின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் வருவதும் இதே தண்ணீர்தான். சீ! அவள் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

படகில் ஆள் கிடையாது, தானாகவே ஓடும். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் படகு. எந்தக் காற்று எவ்வளவு தள்ளினாலும், எந்த அலை எப்படி அடித்தாலும், அந்த வலுவை அந்தக் கணமே கணக்குப்போட்டு, அதே அளவு எதிர்த்து, சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். அதற்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் யூஜினா. அடிச்சேற்றை அள்ள ஓர் இரும்பு வாளி வடத்தில் தொங்கும். இழுவை மிஞ்சினால் வடத்தை அறுத்துக்கொண்டு தப்பிக்க ஒரு கட்டளையும் இருந்தது. அதை இன்று காலை அவளே எடுத்துவிட்டாள். தம்பி வாளியில் மாட்டினால் படகு அவனை விட்டுவிடக் கூடாதே!

தம்பி மிலான் போன மழைக்கு இங்கே மீன்பிடிக்க வந்தவன். தெப்பம் மட்டும் கரை ஒதுங்கியது. சுழியோடிகள் தேடித் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். உடம்பு இல்லாமல் அடக்கப் பூசை வேண்டாமென்று சிசிலி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அன்றிலிருந்து சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு குழி, அதன்மேல் ஒரு சிலுவை. அந்த வீட்டுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

"யூஜி" என்றாள் சிசிலி, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாளியில அவன் பனியன கட்டிவிட்டிருக்கேன். தொவைக்காதது."

"ஐயோ! யாரக் கேட்டும்மா கட்டுனீங்க?"

"யாரக் கேக்கணும்? தண்ணியில போனவங்களுக்கு வேர்வத் துணியத்தானே நம்ம லயத்துல எறக்குவாங்க? வாடை புடிச்சு வந்துருவான்."

யூஜினா மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். அணை கட்டியபோது தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருந்த மயானத்தை யாரும் தோண்டி மாற்றவில்லை என்று ஊரே சொல்லும். குழிகளோடு அப்படியே மூழ்கடித்தார்களாம். இத்தனை வருடமாக மனித வேர்வையின் வாடையே படாமல் எத்தனை பேர் அங்கே கிடக்கிறார்களோ.

திரும்பி வரச்சொல்லிக் கட்டளை கொடுத்தாள். படகு வந்தது. முக்கி முனகி, சுமை இழுக்கும் மாடுபோல் வந்தது. வாடை முன்னால் வந்தது.

"வந்துட்டான் யூஜி!" சிசிலி இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஓடினாள்.

கரையோரமாக வாளி தலைகாட்டியது. பனியன் இருந்தது. பனியனை ஒரு கை பற்றியிருந்தது. ஊறிப்போன ரொட்டியாய்ப் பொதபொதத்த கை. தோல் கழன்று மணிக்கட்டில் சுருண்டிருந்தது. சுண்டுவிரல் கோணல். கதவிடுக்கில் நசுங்கிய மிலானின் விரல்.

யூஜினாவுக்குக் குமட்டியது. கூடப்பிறந்தவன் என்று தெரிந்தும் குமட்டியது. அந்தக் குமட்டலை நினைத்துத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்புறம்தான் பார்த்தாள். அவன் முழங்கையை இன்னொரு கை பிடித்திருந்தது. அதை மற்றொன்று. வளையல் போட்ட எலும்பு. ஒரு குழந்தையின் உள்ளங்கை. தண்ணீருக்கடியில், போகப் போக, கைகள்.

நில் என்று விசையைத் தட்டினாள். படகு நின்றது.

"அம்மா, விடுங்க! வெளிய வாங்க!"

"போடி. எம்புள்ளடி."

சிசிலி அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள். உதட்டில் சதை ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

கை பனியனை விட்டது. சிசிலியைப் பிடித்தது.

யூஜினா பாய்ந்தாள். ஒரு கையில் அம்மாவின் மணிக்கட்டு. மறு கையில் படகின் கம்பி. கீழிருந்து இழுத்தார்கள். மோட்டார்கள் உறுமின. படகு இம்மியும் அசையவில்லை. சொல்லிக்கொடுத்த பாடம் பிசகவில்லை. நடுவில் அவள் உடம்புதான் வடம். தோள்மூட்டு முறிந்தது. கத்தினாள். விட்டால் அம்மா போய்விடுவாள். விடவில்லை.

இழுவை சட்டென்று நின்றது.

அப்பாடா.

பிறகு ஏறினார்கள்.

அம்மாவின் தோளில் ஒரு முழங்கால். அம்மாவின் தலை நீருக்குள். விரல்கள் மட்டும் இன்னும் யூஜினாவை இறுக்கிக்கொண்டு. முதலில் மிலான். குளிர்ந்த சதை அவள் கைவழியே வழுக்கி வழுக்கி மேலே வந்தது. கழுத்தைக் கட்டியது. முகம் முகத்தோடு ஒட்டியது. வாய் திறந்தது. உள்ளே நாக்கு இல்லை. அட்டைகள். கரிய சேறு அவள் உதட்டில் சொட்டியது. அவன் முதுகில் கால்வைத்து அடுத்தவள். அவளுக்குப் பின்னால், பனிக்குள், நீர் முழுக்கத் தலைகள்.

மேலே லயத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.